அம்மாவின் முதுகில் அடித்த பெயர்

ஆளிவிதை எண்ணெயில் வெள்ளைச் சாயப்பொடியைப் போட்டுக் குழைக்கும்போது எழும் அந்தக் காட்டமான நெடி இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் பட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

ஐம்பதுகளில் குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், ரோட்டை ஒட்டி, லாரித் தார்ப்பாய்களுக்குப் பெயர் அடித்துக் கொடுக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அப்பா அங்கே அச்சுப் போடுபவர். அம்மா காய்ந்ததை மடித்து அடுக்குபவள். முதலாளியோ மார்கழி பிறந்தால் ஆளுக்கொரு கருங்கம்பளி கொடுத்து, அதை யாரும் சந்தையில் விற்றுவிடாதபடி முதுகுப் பக்கம் தன் பெயரை முழ நீளத்துக்கு வெள்ளையில் அடிக்கச் செய்யும் தர்மப்பிரபு.

கறுப்பில் எழுத்து சுலபத்தில் எடுபடாது. எழுத்து வெட்டிய தகட்டை வைத்துத் தடவும் முதல் பூச்சைக் கம்பளி உறிஞ்சிக்கொள்ள, சாம்பல் பூத்த மாதிரி மங்கலாகத்தான் தெரியும். அது காய்ந்தபின் அதே இடத்தில் மறுபடி பூசினால்தான் பளிச்சென்று நிற்கும். "கருப்பு குடிச்சிரும், ரெண்டாங்கை போட்டாத்தான் பேரு தெரியும்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

ஒருநாள் ராத்திரி அம்மா தன் கம்பளியால் சுற்றிப் படுக்கவைத்தபோது, காய்ந்த எழுத்தின் விறைப்பு, கைக்குழந்தையாயிருந்த என் தம்பியின் கன்னத்தைக் கீறிவிட்டது. அம்மா அரிவாளை எடுத்து எழுத்தைச் சுரண்டித் தள்ளிவிட்டு, மறுநாள் அதையே போர்த்திக்கொண்டு வேலைக்குப் போனாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போனேன்.

"பேரில்லாத கம்பளி உனக்கேது? பேரடிக்காத கட்டுலருந்து உருவினியா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க, புள்ள மூஞ்சியக் கிழிக்குதுன்னு நாந்தான் சொரண்டுனேன்."

அவர் அப்பாவைக் கூப்பிட்டார். "திருடியில்லன்னா என் பேரப் போடு. அவ போத்தியிருக்கறப்பவே போடு."

அப்பா தகட்டை முதலாளி மூஞ்சியில் விட்டெறிவார் என்று நான் நிச்சயமாக நம்பினேன். அப்பா அம்மாவின் முதுகில் அதை வைத்து அழுத்தி, "ஆடாத நில்லு" என்றார். முதல் பூச்சு காயும்வரை, எல்லோரும் பார்க்க, அவளை வெயிலில் நிறுத்தினார்கள். தம்பி பாலுக்குக் கத்தினான். குனிந்தால் எழுத்து கலைந்துவிடுமாம், கொடுக்க விடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அப்பா இரண்டாம் பூச்சைப் போட்டார். போட்டுவிட்டு, ஓரத்தில் வழிந்ததைத் துணியால் துடைத்துப் பிசிறில்லாமல் சரிசெய்தாரே, அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. முதலாளியைக்கூட நான் அவ்வளவு வெறுக்கவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. அந்த முதலாளியின் பெயரை அங்கே யாரைக் கேட்டாலும் தெரியாது, ரொம்பச் சந்தோஷம்.

அம்மா அதன்பிறகு எந்தக் குளிரிலும் எதையும் போர்த்திக்கொண்டதில்லை. வெகுகாலம் கழித்து, கைகால் நடுங்கும் வயதில், அப்பா தளிச் சந்தையிலிருந்து எழுத்தே இல்லாத புதுக் கம்பளி ஒன்று வாங்கிவந்து, படுத்திருந்தவள் முதுகில் மெல்லப் போர்த்தினார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கைய எடு" என்றாள்.

அப்பா எடுத்துக்கொண்டார்.