அக்காவின் சுண்டுவிரல்

என் அக்காவின் ரேஷன் கார்டில் அவள் பெயர் மட்டும்தான். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. ரேஷன் அரிசி வந்தால் சோறு. வராவிட்டால் மரவள்ளிக் கிழங்கு.

மூன்று மாதம் கிழங்குதான். கட்டைவிரலை மெஷின் ஏற்கவில்லை என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். விவரம் தெரிந்த நாளாய்க் களை வெட்டுகிறாள், மிளகு பறிக்கிறாள். அந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? தலைமுடியில் தேய்த்து வைத்தாள். தண்ணீரில் ஊறவைத்து வைத்தாள். ஒரு நாள் நிறுத்திவிட்டாள்.

"இனி போறதில்லடா. நாந்தான் நானுன்னு ஒரு பொட்டிகிட்டக் கெஞ்சோணுமா?"

எனக்குக் கொதித்தது. நான் ஐந்தாவது தாண்டாதவன். ஆனால் ஒன்று நின்றுபோனால் ஏன் நின்றது என்று பார்க்காமல் விடமாட்டேன். மோட்டார், டார்ச், பூட்டு, எல்லாம் பிரித்திருக்கிறேன். அதற்குத் திட்டும் வாங்கியிருக்கிறேன். நான்காம் மாதம் அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் மலையடிவாரத்துக் காரவள்ளிப் பக்கத்து ஆள். கட்டைவிரல் வைக்கச் சொன்னார். வைத்தாள். சிவப்பு விளக்கு.

"எடுக்கலீங்க. அடுத்த ஆளு வாங்க."

நான் நகரவில்லை. மெஷினின் எழுத்து எனக்குப் புரியாது. ஆனால் இரண்டு கை படம் இருந்தது. பத்து விரல். ஒரு கட்டைவிரல் மட்டும் நீலமாக.

"ஏனுங்க, பத்து வெரலு போட்டிருக்குதே. மத்ததெல்லாம் எதுக்குங்க?"

"அதெல்லாந் தெரியாதுங்க. கட்டவெரலுன்னுதான் சொல்லிக்குடுத்தாங்க. மெஷினைத் தொடாதீங்க."

வரிசையில் நின்ற ஓர் அம்மா சிரித்தாள். "உடுங்க சாமி, மெஷின் டாக்டரு வந்திருக்காரு. பாத்துட்டுப் போவட்டும்."

வேலை செய்யாத விரல் எது என்று யோசித்தேன். மிளகு பறிக்கும்போது அக்காவின் இடது கை மூங்கில் ஏணியைப் பிடித்திருக்கும். சுண்டுவிரல் மட்டும் ஒட்டாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். சின்ன வயதிலிருந்து அதைக் கேலி செய்திருக்கிறேன். படத்தில் அந்த விரலைத் தொட்டேன். நீலம் அங்கே போனது. அக்காவைச் சுண்டுவிரல் வைக்கச் சொன்னேன்.

வைத்தாள். பச்சை விளக்கு.

வரிசையில் கை தட்டினார்கள். நான் கடைக்காரரைப் பார்த்தேன்.

"இந்தப் படம் தெனம் உங்க மூஞ்சிக்கு முன்னாலதானுங்களே இருக்குது?"

"யாரும் சொல்லலீங்க."

"கெழங்கு தின்னு வயிறு எரியுதுன்னு இவ சொன்னா. அதுவாச்சும் காதுல உளுந்துதுங்களா?"

அவர் அரிசி அளக்கத் திரும்பினார்.

"மூணு மாசத்து அரிசி?"

"போனது போனதுதானுங்க. பழைய மாசம் மெஷின்ல வராது."

அவர் சட்டையைப் பிடிக்க எழுந்த கையால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது மிளகுப் பருவம். ஏணியில் ஏறுமுன் அக்கா அந்தச் சுண்டுவிரலில் துணி சுற்றிக்கொள்கிறாள். தேய்ந்துவிடக் கூடாதாம்.

"ஒம்போது வெரலு எனக்கு. ஒண்ணு கடைக்கு," என்று சிரிக்கிறாள்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறேன். சிரிக்க முடியவில்லை.