மகன் அழித்த வரி

எனக்கு வயது எழுபத்தாறு. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. ஏழு பேரில் ஒருவரைக்கூட தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்க விடவில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். எழுத்து தெரியும், ஆனால் கை சீக்கிரம் ஓடாது. இந்தச் சில பக்கங்களை எழுத ஒன்பது நாள் ஆனது. எனக்கு அவசரமும் இல்லை.

எழுத வைத்தவன் என் இரண்டாவது மகன். வட்டவளைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்திலிருந்து முதன்முதலாகக் கம்பஸ் என்கிற பல்கலைக்கழகத்துக்குப் போனவன் அவன். பிறகு மேல்படிப்புக்கு வெளிநாடு போய், அங்கேயே வேலை, குடும்பம் என்று ஆகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி என்றால் அவனுடைய போன் வந்துவிடும். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குள் போன் வந்த காலத்திலிருந்து அது தவறியதில்லை.

அந்த ஞாயிறு விடிந்ததிலிருந்தே மழை. என் மகள் வயிற்றுப் பேத்தி லீவில் வந்திருந்தாள். கொட்டகலையில் படிப்பிக்கிற பிள்ளை. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று போனை வைத்து நோண்டிக்கொண்டிருந்தாள். மழை நாளில் எங்கள் பக்கம் சிக்னல் சரியாகக் கிடைக்காது. படமும் கலருமாக வருவது எதுவும் திறக்காமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே நிற்கும். அவள் சலித்துப்போய் இருந்தவள், திடீரென்று கத்தினாள்.

"அம்மாச்சி! நம்ம தோட்டத்துப் பேரப் போட்டா மாமா வாராரு!"

"எங்க வாரான்? டிசம்பர்ல தானே வாரேன்னான்."

"ஐயோ, ஆளு இல்ல. அவரு எழுதுனது. முப்பது வருசத்துக்கு முந்தி!"

அது நியூஸ்குரூப் என்றாள். இப்போது எல்லாரும் பார்க்கிற வெப்சைட் பரவுவதற்கு முன்னாலேயே இருந்ததாம். படம் கிடையாது, வெறும் எழுத்து. ஒரு விஷயத்துக்கு ஒரு குழு. ஒருவர் ஒன்றை எழுதிப் போட்டால் அதன் பிரதி ஊர் ஊராகக் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் போய் உட்கார்ந்துகொள்ளும். படித்தவர்கள் கீழே பதில் போடுவார்கள். வெறும் எழுத்தாக இருந்ததால்தான் இந்த மழையிலும் சட்டென்று திறந்ததாம்.

"வாசி" என்றேன். இங்கிலீசில் இருந்ததை அவள் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று எவனோ எழுதியிருக்கிறான். என் மகன் அவனை விடவில்லை. பத்தடிக் காம்பரா, அந்த ஒரே அறையில் எட்டுப் பேர் படுப்பதை எழுதியிருந்தான். ஐந்து வகுப்புக்கு ஒரே மாஸ்டர், மழை பெய்தால் தகரச் சத்தத்தில் அவர் குரல் கேட்காது என்று எழுதியிருந்தான். எழுத்து தெரிந்த தாய்க்குக்கூட, மலையிலிருந்து இறங்கி வந்தபின் பிள்ளையின் பாடக் கொப்பியைப் பார்க்க உடம்பில் தெம்பு இருக்காது என்றும் எழுதியிருந்தான். கேட்கக் கேட்க எனக்கு முதுகு நிமிர்ந்தது.

அதன் கீழே பதில்கள். முதல் ஆள் பாராட்டியிருந்தார். இரண்டாவது ஆளுடையதை வாசிக்கத் தொடங்கியவள், ஓர் இடத்தில் நின்று, கீழே போய்விட்டாள்.

நாற்பத்தொரு வருஷம் நான் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்தவள். ஒரு செடியை விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவுகிறவளுடைய தோள் ஒரு மாதிரி அசையும். பக்கத்து நிரையில் நிற்கிறவளுக்கு அது திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

"என்னத்தடி தாண்டுன?"

"ஒன்னும் இல்ல அம்மாச்சி. பழைய வரியவே திருப்பிப் போட்டிருக்காங்க."

"அந்தப் பழைய வரிய வாசி."

"சிக்னல் போயிருச்சு."

"எழுத்து ஒன் கண்ணு முன்னால நிக்குது. சிக்னல் எங்க போச்சு?"

அவள் முகம் சிவந்துவிட்டது. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால்தான் என் வீட்டில் காரியம் நடக்கும். கடைசியில் எடுத்து வாசித்தாள்.

இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்களே, நீங்களும் லயத்து ஆளா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு என் மகன் சொன்ன பதில்: 'இல்லை. நான் அட்டன் டவுன். என் அம்மா டீச்சர். தோட்டங்களை வெளியே இருந்து பார்த்திருக்கிறேன்.'

மணி இரண்டு தாண்டியிருந்தது.

"மாமா அத அழிச்சிட்டாரு அம்மாச்சி" என்றாள் அவசரமாக. "அந்தப் பதில் மட்டும் அவரு பேருல இங்க எங்கயுமே இல்ல. இன்னொருத்தரு அந்த வரிய எடுத்துத் தன் பதில்ல வச்சிருந்தாரு. முன்னால அம்பு மாதிரி ஒரு குறி இருக்கு பாருங்க. மத்தவங்க சொன்னத எடுத்துப் போட்டா அந்தக் குறி வரும். தான் போட்டத அழிக்கலாம். மத்தவங்க எடுத்து வச்சத அழிக்க ஏலாது. மாமாவுக்கு இது கெடக்குறதே தெரிஞ்சிருக்காது. தப்புன்னு தெரிஞ்சுதானே அழிச்சிருக்காரு?"

"தப்புன்னு அழிச்சானா, புடிபட்டுருவோம்னு அழிச்சானா?"

எனக்கு அந்த ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும். டிசம்பரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறான். என்னை இல்லை என்று ஊர் உலகத்துக்கு எழுதினவனை வாசலில் நின்று வா என்று கூப்பிட எனக்கு வாய் வருமா? வராது. என்னை எனக்குத் தெரியும்.

"போன்ல கேக்காதீங்க அம்மாச்சி. டிசம்பர்ல வந்த பொறகு மொகத்தப் பாத்துக் கேளுங்க."

"டிசம்பர் வரைக்கும் நான் இருப்பேன்னு எவன் ஒனக்கு எழுதிக் குடுத்தான்?"

அவள் இரண்டு தரம் எழுந்துபோய் மழையைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். சரியாக மூன்றுக்குப் போன் அடித்தது.

"அம்மா, சாப்பிட்டீங்களா? அங்க மழையாமே?"

"மழை கெடக்கட்டும். ஒங்கம்மா எந்த ஸ்கூல்ல டீச்சர்?"

கட்டாகிவிட்டதா என்று பேத்தி எட்டிப் பார்த்தாள். இல்லை, மூச்சு கேட்டது.

"அத அன்னைக்கே அழிச்சிட்டேனேம்மா."

"ஏன் அழிச்ச?"

"நீங்க கேட்டதத்தான் இன்னொருத்தரும் கேட்டாரு. எந்த ஸ்கூல்னு. அவருக்கு அட்டன் தெரியும்."

"அப்ப புடிபட்டுருவோம்னு தான்."

"ஆமாம்மா."

சமாளிக்காமல் சொன்னான். அதுதான் இன்னும் சுட்டது.

"வெக்கம் பொறகுதாம்மா வந்துச்சு" என்றான். "ரொம்ப நாள் கழிச்சு. அதுக்குப் பொறகு அந்தக் குழுவுல நான் ஒரு வரி எழுதல."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. "அட்டன் டவுன்னு சொல்ல எவன்டா ஒனக்குப் படிச்சுக் குடுத்தான்?" என்று கேட்டுவிட்டேன்.

நான் காத்திருந்தேன். இவன் ஏன் பதில் சொல்ல மாட்டேன் என்கிறான் என்று நினைத்த அந்த நேரத்தில்தான் எனக்கே வந்தது.

றொசல்ல ஸ்டேசன். அவன் கம்பஸ் போகிற நாள். பெட்டி அவன் கையில், சோற்றுப் பொட்டலம் என் கையில். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தோட்டத்துக்கு வருகிற கடிதம் ஆபீஸ் மேசையில் கிடந்து, நாள் கடந்துதான் லயத்துக்கு வரும். அப்படி இன்டர்வியூவைத் தவறவிட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் டவுனில் தெரிந்த கடைக்காரரின் விலாசத்தைக் கொடுப்போம். அவனுடைய விண்ணப்பப் பாரங்களில் எல்லாம் அட்டன் பசாரில் உள்ள ஒரு கடையின் விலாசம்தான். கேட்டு வாங்கியவள் நான். ரயில் வருகிற சத்தம் கேட்டதும் அவன் காதுக்குள் சொன்னேன்: "எவனாவது கேட்டா அந்த வெலாசத்தையே சொல்லு. அட்டன் டவுன்னு சொல்லு. லயம்னு சொல்லிறாத. ஒன்னய மிதிச்சிருவானுக."

கடிதத்துக்காக வாங்கிய விலாசத்தை அவனுக்குப் பிறந்த ஊராக்கிக் கொடுத்தது நான்.

"நான்தானே சொன்னேன்" என்றேன்.

"அத விடுங்கம்மா."

"ஒனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

இவ்வளவு வருஷமும் வைத்துக்கொண்டு, நான் நெஞ்சில் மிதித்து நிற்கிறபோதும் அதை எடுத்து நீட்டவில்லை அவன். டீச்சர் என்றது அவன் சேர்த்தது. அந்த மிச்சத்தை அவன்தான் சுமக்க வேண்டும். ஆனால் முதல் பாதி என்னுடையது.

"அந்த வரிய எடுத்துருங்கன்னு அத வச்சிருக்கிறவங்களுக்கு எழுதிப் பாக்கட்டுமா?" என்றான். "ஒரு எடத்துல எடுத்தாலும் வேற எங்கயாவது கெடக்கும்தான்..."

"ஒரு எடத்துலயும் எடுக்காத. அதுக்குக் கீழ நான் எழுதிப் போடப் போறேன்."

"அம்மா, எம் பேரு அதுல இருக்கு."

"எம் பேரயும் போடுறேன். டிசம்பர்ல வா. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நேரா லயத்துக்கு வா. ஹோட்டல் கீட்டல்னு சொல்லாத."

போனை வைத்ததும் பேத்தி சிரிப்பும் அழுகையுமாக நின்றாள். "இன்னும் அதுல எழுதிப் போடலாம் அம்மாச்சி, வழி இருக்கு. ஆனா அங்க இப்ப ஆளே இல்ல. வெளம்பரந்தான் குவிஞ்சு கெடக்கு. யாரு வாசிப்பா?"

"முப்பது வருசம் கழிச்சு நீ வந்து வாசிக்கலயா?"

அன்றே கொப்பி வாங்கிவரச் சொன்னேன். அட்டன் டவுன் என்று சொல்லச் சொன்னது அவன் தாய். அந்தத் தாய் டீச்சர் இல்லை. தேயிலை மலையில் நாற்பத்தொரு வருஷம் கொழுந்து எடுத்தவள், இப்போதும் அதே லயத்தில் இருக்கிறவள். அந்த வரிக்குக் கீழே போக வேண்டியது இவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு இத்தனை பக்கம் ஆகிவிட்டது. சுருக்கத் தெரிந்தவர்கள் சுருக்கிக்கொள்ளட்டும்.

பேத்தி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கொப்பியை அவளிடம் கொடுக்கிறேன்.

"இந்தா, மொதல்ல இருந்து வாசி. சத்தமா. எம்மேல தப்பு வார எடத்துல கொரலக் கொறைக்காத."