வாங்கின் கடைசி ஆள்

இதைத் தட்டெழுதப் போகிறவர் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுத்து கோட்டில் நிற்காது, ஏறும், இறங்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் யோசித்துத்தான் எழுதுகிறேன், அப்படியும் பிழை வருகிறது. எழுத்துப் பிழைகளைத் திருத்திவிடுங்கள். நான் செய்த பிழையைத் திருத்த வேண்டாம், அது இருந்தபடியே வரட்டும்.

ஸ்காபரோவில், கதவுக் கைப்பிடிகளைப் பெட்டியில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஒரு பெட்டிக்கு இரண்டு கைப்பிடி, எட்டுத் திருகாணி போட்ட சின்னப் பை ஒன்று, ஒரு விளக்கத் தாள். கைப்பிடி வைப்பது நான். எனக்கு இடப்பக்கத்து மேசையில் திருகாணி எண்ணிப் பையில் போட்டவர் ஒரு அண்ணை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வலது முழங்காலில் வருத்தம், நீண்ட நேரம் நிற்க மாட்டார் என்பதால் அவருக்கு மட்டும் உயரமான முக்காலி ஒன்று கொடுத்திருந்தார்கள். கார் ஓட்டத் தெரியாது. தொழிற்சாலைக்குப் பத்து நிமிட நடையில் ஒரு அப்பாட்மென்ரில் தனியே இருந்தார். கனடாவில் தனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம் அந்தப் பத்து நிமிடம்தான் என்பார்.

பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேரம் சாப்பாட்டு நேரம். மைக்ரோவேவுக்குப் பக்கத்து மேசையில் நாங்கள் ஏழு பேர் இருப்போம். பேச்செல்லாம் கூடைப்பந்துதான். எங்கள் நகரத்துக்கு ஒரு அணி வந்து அப்போது மூன்றாவது வருடம். தோற்றுக்கொண்டே இருந்தது. ஊரில் நாங்கள் யாரும் கூடைப்பந்து விளையாடியவர்கள் அல்ல. ஆனாலும் மழையோ பனியோ, நேற்று ஏன் தோற்றோம் என்று ஒருவரையொருவர் கேட்காமல் யாரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததில்லை.

அண்ணை காலையில் பத்திரிகை வாங்கி வருவார். விளையாட்டுப் பக்கத்தை விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிப்பார், உடனே தமிழில் சொல்வார், பிறகுதான் அடுத்த வரி. அது நீண்ட வேலை. மற்றவர்கள் சில நேரம் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் காதில் விழுந்ததுதான்.

மேசையில் எங்களுக்கென்று ஒரு பிஸ்கற் ரின் இருந்தது. அதற்குள் சோடாப் போத்தல் மூடிகள். சிவப்பு மூடி ஐந்தும் முதலில் இறங்கும் ஆட்டக்காரர். வெள்ளை மூடிகள் வாங்கில் இருப்பவர்கள். மாற்று ஆட்டக்காரர் இருக்கும் பெஞ்சை நாங்கள் வாங்கு என்றுதான் சொல்வோம். தோல்விக்கெல்லாம் காரணம் அந்த வாங்குதான் என்பதில் ஏழு பேரும் ஒரே கட்சி. முதல் ஐந்து பேர் களைத்து உட்கார்ந்ததும் ஆட்டம் கையை விட்டுப் போய்விடும். மாசி மாதத்தில் ஒரு நாள் வரைக்கும் மற்ற அணிகளோடு ஆட்களை மாற்றிக்கொள்ளலாம், அதன்பின் முடியாது. ஆகவே தை பிறந்ததிலிருந்து எங்கள் மேசையில் ஆள் மாத்துத்தான்.

இதில் முன்னுக்கு நின்றவர் பெரிய வயிறும் பெரிய குரலும் உள்ள ஒருவர். அவரை நாங்கள் மனேஜர் என்று கூப்பிடுவோம். ஒரு நாளைக்கு மூன்று மாத்துச் செய்வார். வெள்ளை மூடிகளில் ஒன்று விளிம்பு கடிபட்டது. அது கிழவர். அணியிலேயே வயது கூடியவர், கறுப்பு முழங்கால் பட்டி கட்டியவர், ஒரு ஆட்டத்தில் இரண்டு நிமிடம் இறங்கினால் பெரிய காரியம். மிச்ச நேரம் வாங்கின் கடைசியில் இருந்து மற்றவர்களுக்குக் கை தட்டுவார். மனேஜர் எந்த மாத்தைத் தொடங்கினாலும் முதலில் வெளியே தள்ளுவது அந்த மூடியைத்தான்.

"உந்தக் கிழவனை இன்னும் என்னத்துக்கு வைச்சிருக்கிறாங்கள்? கை தட்டவோ?"

"கை தட்டவும் ஒரு ஆள் வேணும், ஐசே" என்பார் அண்ணை.

"அப்ப உங்களை அனுப்பி விடுவம். நீங்கள் நல்லாத் தட்டுவியள்."

அண்ணை ஒரு சட்டம் போட்டிருந்தார். யாரையாவது கொடுப்பதென்றால், கொடுப்பவர் முதலில் அந்த ஆளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாத்துச் செல்லாது, மூடி திரும்பவும் வாங்குக்கு வந்துவிடும். மனேஜருக்கு இது பெரிய தொல்லை.

"சரி, நல்லது சொல்லுறன். கிழவன்ர தலைமயிர் நல்ல வடிவு."

"அவருக்கு மொட்டை, ஐசே."

மூடி திரும்பவும் வாங்குக்கு வரும். நான் சிரிப்பேன். சிரிப்பதுதான் என் பங்கு. நான் அந்த மேசையில் வாய் திறப்பதில்லை. கூட்டத்தில் பேசத் தொடங்கினால் என் காது சூடாகும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான போர்மனும் நூடில்ஸ் கோப்பையோடு எங்கள் மேசைக்கு வந்தார். அவரும் நம்மவர்தான், என்னைவிட இளையவர், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். மூடிகளைப் பார்த்துவிட்டு, "எங்கட லைனுக்கும் வாங்கு சரியில்லை அண்ணையவை. பின்னேர ஷிவ்ற்காரர் எங்களை விடக் கூடப் பெட்டி அடிக்கிறாங்கள். ஆரை மாத்துவம்?" என்று கேட்டார்.

எல்லோரும் பகிடியில் இறங்கினார்கள். மனேஜர், "என்னை மாத்தேலாது. மனேஜரை ஆரும் மாத்துறேல்லை" என்றார். ஒருவர் மைக்ரோவேவைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்றார். அப்படியே சுற்றி என்னிடம் வந்தது. என்ன நடந்ததென்று எனக்கே தெரியாது, என் வாய் திறந்தது.

"திருகாணி அண்ணையையும் அவற்ற முக்காலியையும் சேர்த்துக் குடுத்திட்டு, முழங்கால் மடியிற ஆள் ஒண்டை எடுப்பம்."

மேசையே அதிர்ந்தது. போர்மனுக்கு நூடில்ஸ் மூக்கில் ஏறியது. மனேஜர் என் முதுகில் தட்டி, "ஊமை பேசிற்றுது!" என்று கத்தினார். எல்லோரையும் விட அண்ணைதான் கூடச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லது ஒண்டும் சொல்லேல்லை. மாத்துச் செல்லாது. சொல்லும், சொல்லும்!" என்றார்.

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடானது. அதற்குள் மணி அடித்தது.

வேலை மேசைக்குத் திரும்பியபின் அண்ணை மெதுவாகச் சொன்னார்: "நாலு வருஷத்தில நீர் சொன்ன முதல் பகிடி. நல்லாயிருந்தது. இனி நிப்பாட்டாதையும்." அன்று பின்னேரம் முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு வியாழக்கிழமை, போர்மன் எங்கள் மேசைகளுக்கு இடையில் வந்து நின்றார். பிக்கரிங்கில் இருக்கும் மற்றக் கிளைக்கு ஒரு ஆள் குறைவாம். திங்கட்கிழமையிலிருந்து அண்ணை அங்கே போக வேண்டும்.

அண்ணை கையிலிருந்த திருகாணிகளை எண்ணி முடித்துப் பையில் போட்டார். பிறகு கேட்டார்: "முக்காலியும் வருமோ?"

"அங்க இருக்கும் அண்ணை" என்றார் போர்மன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. என் கையில் ஒரு கைப்பிடி இருந்தது. அதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் கார் இருக்கிறது. என் வீட்டிலிருந்து பிக்கரிங் இருபத்தைந்து நிமிடம். அண்ணைக்கோ இரண்டு பஸ், இரண்டாவதை விட்டால் பனிக்குள் அரை மணி நேரம் நிற்க வேண்டும். நான் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்த விஷயம். அன்றைக்கே போர்மனின் அறைக்குப் போனேன். அவர் நிமிர்ந்து, "என்ன அண்ணை?" என்றார். "கையுறை முடிஞ்சுது" என்றேன். புதுக் கையுறை ஒரு சோடி தந்தார். வெள்ளிக்கிழமை காலையிலும் போனேன். இன்னொரு சோடி.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றாம் தரம் போனபோது, "ஏன் அவரை?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

போர்மன் கெட்டவர் அல்ல. பேனையை வைத்துவிட்டுச் சொன்னார்: "மேலயிருந்து ஒரு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டவங்கள். எனக்கு ஒருத்தரையும் அனுப்ப விருப்பமில்லை. ஆரை எண்டு யோசிக்கேக்க நீங்கள் அண்டைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. எல்லாரும் சிரிச்சியள், அவரும் சிரிச்சார். அப்ப ஒருத்தருக்கும் மனவருத்தம் வராது எண்டு நினைச்சன்."

"என்னட்டைக் கார் இருக்கு" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"தெரியும். நீலக் கார்தானே? பின் லைற் ஒண்டு எரியேல்லை அண்ணை, பொலிஸ் மறிப்பான்."

நான் தலையாட்டினேன். அவர் தானாகவே ஒரு சோடி கையுறை எடுத்துத் தந்தார். வெளியே வந்தபோது அண்ணை மேசையைத் துடைத்துவிட்டு முக்காலியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, வேலைக்கு வரும் வழியில் பஸ் தரிப்பில் அவரைக் கண்டேன். காரை ஓரம் கட்டிக் கண்ணாடியை இறக்கினேன். "நான் கொண்டுபோய் விடுறன்" என்றேன்.

"உமக்கு ஏழு மணிக்கு வேலை. என்னை விட்டிட்டு எப்பிடி வருவீர்? போம், போம், பிந்தப் போகுது."

அவர் சொன்னது சரி. போய்விட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தத் தரிப்பைக் கடந்தேன். சில நாள் கை காட்டினேன். சில நாள் பக்கத்துப் பாதையில் வேறு கார் மறைக்கும்படி ஓட்டினேன். பனி மேட்டின்மேல் இடது காலை ஊன்றி, வலது காலைத் தூக்கியபடி நிற்பார். கையில் மடித்த பத்திரிகை.

ஒரு நாள் தரிப்புக்கு நேரே சிவப்பு விளக்கில் நான் நின்றேன். அவர் என்னைக் காணவில்லை. வாசித்துக்கொண்டிருந்தார். கண் பத்திரிகைப் பக்கத்தில் மேலிருந்து கீழே மளமளவென்று இறங்கியது. உதடு அசையவில்லை. மனதுக்குள்ளேயே வாசித்து, பக்கத்தைத் திருப்பி, அடுத்ததற்குப் போய்விட்டார். நான் நாலு வருடமும், தமிழ் வாசிக்கும்போது எனக்குப் போல, ஆங்கிலத்தைச் சத்தம் போட்டு வாசித்தால்தான் அவருக்கும் விளங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விளக்குப் பச்சையானதைப் பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்துத்தான் சொன்னார்.

எங்கள் மேசையில் அதன்பின் வாசிப்பு இல்லை. மனேஜர் பத்திரிகையைப் புரட்டிவிட்டு, "ஒண்டுமில்லை, வழமைதான்" என்று மூடிவிடுவார். ஆள் மாத்துக்குக் கடைசி நாளுக்கு அடுத்த நாள், "கிழவனைக் குடுத்திட்டாங்கள்!" என்றார். கடிபட்ட மூடியை விரலால் சுண்டினார். அது மேசையில் உருண்டு கீழே விழுந்தது. பதிலுக்கு யார் வந்தார், கிழவர் எந்த ஊருக்குப் போனார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஞாபகப்படுத்தவும் ஆள் இல்லை. மணி அடித்து எல்லோரும் எழும்பியபின் குனிந்து மூடியை எடுத்துப் பொக்கற்றில் போட்டேன்.

அடுத்த நாள் வேளைக்கே வெளிக்கிட்டு, தரிப்பில் காரை நிறுத்தி இறங்கினேன்.

"அண்ணை, கிழவரைக் குடுத்திட்டாங்கள்."

"ஓம், வாசிச்சன்." அவருக்கு மூச்சு வெள்ளையாகப் போனது. "எங்கட மேசையில ஆரும் நல்லது சொன்னவையோ?"

"இல்லை."

"அப்ப செல்லாது" என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். காத்துக்கொண்டு நின்றார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். பொக்கற்றில் மூடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். சொல்ல வேண்டியது எல்லாம் எனக்குத் தெரியும். காது சூடானது, அந்தக் குளிரிலும். பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து முதலில் இடது காலை வைத்து, வலது காலைக் கையால் தூக்கி ஏற்றினார். கதவு மூடியது.

பங்குனி நடுவில் தரிப்பில் அவரைக் காணவில்லை. ஒரு கிழமை பார்த்தேன். பிறகு மனேஜர்தான் சொன்னார், கால் ஏலாமல் வேலையை விட்டுவிட்டு மொன்றியலில் மகளிடம் போய்விட்டாராம். விலாசம் ஒருவருக்கும் தெரியவில்லை. முக்காலியில் இப்போது ஒரு பிள்ளை இருந்து திருகாணி எண்ணுகிறது. அது காதில் பாட்டு மாட்டிக்கொண்டிருக்கும். நான் ஆட்டம் பார்ப்பதை விட்டுவிடவில்லை. ஒரு முறை ரிவியில் வேறொரு அணியின் வாங்கில், கடைசியில், கிழவரைக் கண்டேன். கறுப்புப் பட்டியோடு இருந்து கை தட்டினார். எந்த அணி என்று எழுதியிருந்ததை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

மூன்று சோடி கையுறையும் போடாமல் மேசை லாச்சியில் கிடக்கிறது. மூடியும் அதற்குள்தான்.

அண்ணை, அன்றைக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது இதுதான். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்று அந்த மேசையில் ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் அதை யாருக்கும் சொல்லவில்லை, என்னிடம்கூடச் சொல்லவில்லை. உங்களுக்காக வாசிப்பது போல எனக்கு வாசித்தீர்கள்.

1999 மார்கழி 12, ஞாயிற்றுக்கிழமை.