வாப்பாவுக்கு எல்லாம் தெரியும்

கடலுக்கு அப்பால் இருந்தபடியே எங்களைக் காணும் ஆற்றல் என் வாப்பாவுக்கு உண்டு என்று நான்காம் வகுப்பில் எழுந்து நின்று வாதிட்டிருக்கிறேன். நம்ப மறுத்தவர்களுக்கு ஆதாரமும் தந்தேன். வாப்பா இருப்பதோ வளைகுடாவில். நாங்கள் இருப்பதோ இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு கடற்கரை ஊரில். ஆயினும் வெள்ளிக்கிழமைதோறும் அலைபேசியில் அழைக்கும்போது, அந்த வாரம் நாங்கள் எங்கெங்கே போனோம் என்பதை, யாரும் சொல்லாமலே, அவரே சொல்வார். ஆஸ்பத்திரிக்குப் போனதை அறிவார். துணிக்கடை வாசலில் வண்டி நெடுநேரம் நின்றதையும் அறிவார். அன்பு மிகுந்தால் பார்வை நீளும் என்று முடித்தேன். வகுப்பே கைதட்டியது.

அந்த வண்டி ஒரு பழைய வெள்ளைக் கார். எனக்கு முன்பே பிறந்தது. விடுப்பில் வந்தபோது வாப்பா அதை வாங்கி, உம்மாவுக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். திரும்பிப் போவதற்கு முந்தைய நாள் அதை இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய், இருக்கைகளுக்குப் புது உறை போட்டு வந்தார். எங்கள் தெருவில் முதன்முதலாகக் கார் ஓட்டிய பெண் உம்மாதான். பெருந்தன்மையான கணவர் என்று ஊரே வாப்பாவைப் புகழ்ந்தது.

உம்மாவுக்கு அந்தக் கார் ஒரே ஒரு காரியத்துக்காகத் தேவைப்பட்டது. சாயல்குடியில் அவருடைய அக்கா, என் பெரியம்மா, எழ முடியாத நோயில் கிடந்தார். அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது வாப்பாவின் கட்டளை. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் தமக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லையாம். பந்தியில் தவறிய மரியாதைக்கு ஈடாக, படுக்கையில் கிடப்பவள் தன் தங்கையின் முகத்தைக் காணாமலே போய்ச் சேர வேண்டும்! உம்மா வாயால் மறுக்கவில்லை. சனிக்கிழமைகளில் என்னை ஏற்றிக்கொண்டு சாயல்குடிக்கு வண்டியை விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா கேட்டார்: “என்ன, சாயல்குடி மீன் கொழம்பு ருசியா இருந்துச்சோ?”

அலைபேசியை வைத்ததும் உம்மா என் பக்கம் திரும்பினார்.

“நீதானே சொன்னே?”

“அல்லா மேல ஆணையா நான் சொல்லலம்மா.”

“வேற யாரு இருக்கா இங்கன? ஒனக்குத்தான் ஊருக்கு மேல வாய்.”

எத்தனையோ பேச்சுப்போட்டி மேடைகளில் என் சொல்லை ஏற்க வைத்திருக்கிறேன். அன்று, ஒரே ஒருவர் அமர்ந்திருந்த அவையில், தோற்றேன். அதன்பின் நான் அறைக்குள் வந்தால் உம்மாவின் பேச்சு நின்றுவிடும். பெரியம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டாலும் பதில் வராது.

இதற்கிடையில் கார் வேறு மக்கர் செய்தது. இரண்டு நாள் எடுக்காமல் நின்றால் போதும். சாவியைத் திருப்பும்போது ‘டிக்’ என்ற ஒலியோடு அடங்கிவிடும். புது பேட்டரி போட்டும் அதே கதைதான். வாப்பா சிரித்தார்.

“பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான். லைட்டப் போட்டுட்டு எறங்கிருப்ப. இன்னொருக்கா செத்துச்சுன்னா வித்துருவேன், ஆமா.”

விற்றால் சாயல்குடிக்கு நினைத்தபோது போய்வர முடியாது. ஆகவே உம்மா அலைபேசியில் காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் காரின் முன்மூடியைத் திறந்தார். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து கம்பியைக் கழற்றி, கழன்ற கம்பிக்கும் பேட்டரிக்கும் நடுவே இரண்டு வயர்களால் ஒரு சின்னஞ்சிறு பல்பைக் கட்டினார். கதவைத் திறந்தால் எரியும் கூரை விளக்கையும் முன்கூட்டியே பிடுங்கி வைத்தார். வண்டியில் எதுவும் ஓடவில்லை. சாவியோ உம்மாவின் இடுப்பில். ஆனாலும் பல்பின் உள்ளே செம்பொட்டாய் ஓர் இழை கனன்றது. ஏதோ ஒன்று இரகசியமாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

“நீ அதையே பாத்துக்கிட்டு இரு. நான் ஃபியூஸ ஒண்ணொண்ணா உருவுறேன். அணைஞ்சா கத்து.”

வெயிலில் அந்தப் பொட்டு தெரியாது. துப்பட்டாவால் தலையையும் பல்பையும் சேர்த்து மூடிக்கொண்டு நான் குனிந்து நின்றேன்.

“இருக்கா?”

“இருக்கு!”

“இப்போ?”

“இருக்கும்மா!”

“ஏ புள்ள, மெதுவா. தெருவுக்கே ஏலம் போடாத.”

பிறகு ஒரு கணம் பல்புக்குள் இருட்டு. “அணைஞ்சிருச்சு!” என்று நான் கத்தியதில் மதிலில் இருந்த காக்கை பறந்தது. பரிசுக் கோப்பையைத் தூக்கிய எந்த மேடையிலும் அந்தக் குரல் எனக்கு வாய்த்ததில்லை.

உருவிய ஃபியூஸின் வயரைப் பிடித்துக்கொண்டு உம்மா டாஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வெளியே வந்தது. கார் கம்பெனிக்காரர்கள் வைத்த பொருள் அல்ல அது. பிற்பாடு யாரோ ஒட்டவைத்து, புது நாடாவால் சுற்றியிருந்தார்கள். மூடியை நெம்பினார். உள்ளே ஒரு சிம் கார்டு.

வண்டி எங்கே நிற்கிறது, எந்தச் சாலையில் போகிறது என்பதைக் கடல் தாண்டி ஒருவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி அது என்று இன்று எனக்குத் தெரியும். அதற்குத் தீனியாகத்தான் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. வேவு பார்க்க வைத்தவரே, அது வண்டியைக் கொன்றதற்கு உம்மாவைக் குற்றவாளி ஆக்கினார். இருக்கை உறை என்ற பெயரில் அன்று இராமநாதபுரத்தில் தைக்கப்பட்டது இதுதான்.

உம்மா அந்த சிம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை இழுத்து, மூச்சு முட்டும்படி இறுக்கிக்கொண்டார். பல்பை நன்றாகக் கவனித்ததற்குப் பாராட்டு என்று எண்ணி நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

“அது என்னம்மா?”

“வாப்பா வச்சது.”

எனக்குப் புரிந்துவிட்டது. என் கையில் கட்டியிருப்பதைப் போல, கண்ணேறு படாமலிருக்க வாப்பா வண்டிக்குக் கட்டிய தாயத்து! அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள் என்று கெஞ்சினேன்.

“எறியல. அங்கனயே இருக்கட்டும்” என்றார் உம்மா. பெட்டியை இருந்த இடத்திலேயே செருகி, ஃபியூஸையும் மாட்டினார்.

மறுநாளிலிருந்து விடிகாலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் காரை நின்ற இடத்திலேயே உறுமவிட்டு, பேட்டரிக்கு உயிர் ஏற்றி அணைப்பார். பயணத்துக்கு அதை எடுப்பதில்லை. சனிக்கிழமை என்னைப் பேருந்து நெரிசலில் திணித்துச் சாயல்குடிக்கு அழைத்துப் போனார். பழுதைக் கண்டுபிடித்த பிறகும் பேருந்தில் நசுங்குவது என்ன அறிவு என்று வழியெல்லாம் வாதாடினேன். உம்மா சன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை வாப்பா அழைத்தார்.

“இந்த வாரம் எங்கயும் போகலயாக்கும்? நல்லது. பொம்பளைன்னா அப்படித்தான் இருக்கணும்.”

பெரியம்மாவுக்கு உம்மா கஞ்சி ஊட்டியதையும், பக்கத்தில் நின்று நான் விசிறியதையும் அவர் காணவில்லை. எனக்கு அழுகை பீறிட்டது.

“புள்ள ஏன் அழுவுது?”

“எல்லாம் உங்க நெனப்புதான்” என்று உம்மா சமாளித்தார். மறுமுனையில் வாப்பாவின் குரல் குழைந்தது.

உம்மா பொய்யென்று எண்ணிச் சொன்னது முழு உண்மை. வாப்பாவின் பார்வை எங்களை எட்டவில்லையே, எங்கள் மேல் இருந்த அன்பு குறைந்துவிட்டதே என்றுதான் நான் அழுதுகொண்டிருந்தேன்.