முதலில் மணியைப் பார்ப்பவர்

செய்தி வந்தபோது காலை ஆறே முக்கால் மணி. தங்கை அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவமனையின் வரவேற்பறையை அவள்தான் தினமும் திறக்க வேண்டும். போனில் அண்ணி, "அண்ணன் எழுந்திரிக்கலம்மா" என்றாள். "எழுப்பிப் பாத்தீங்களா?" என்று இவள் கேட்டாள். கேட்ட பிறகுதான் புரிந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு தானாகவே அணைந்திருந்தது.

அண்ணனுக்குப் பகலில் மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை. பொழுது சாய்ந்தால் தெருவுக்கே அவர்தான் கம்ப்யூட்டர் வைத்தியர். படித்துப் பட்டம் வாங்கிய வைத்தியம் இல்லை. தன் கம்ப்யூட்டரைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. பிரவுசர் திறந்தவுடன் மூடிக்கொள்கிறது, எந்தப் பக்கம் போனாலும் சிவப்புத் திரை வந்து மிரட்டுகிறது என்று யார் கூப்பிட்டாலும், சாப்பிட்ட கையை வேட்டியில் துடைத்தபடியே கிளம்பிவிடுவார்.

போன வீட்டில் நாற்காலியில் உட்காருமுன் அவர் கேட்கும் முதல் கேள்வி: "மணி என்னாச்சுங்க?"

மனிதர் அவசரமாகக் கிளம்பப் போகிறார் என்று வீட்டுக்காரர்கள் பயந்துபோவார்கள். சமையலறைக்குள் ஓட்டமும் நடையுமாகப் போய் டீ போடுவார்கள். அவர் கேட்டது அதற்காக இல்லை. கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஓடும் மணி சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காகத்தான். ஆனாலும் இந்தத் தவறை அவர் யாருக்கும் திருத்திச் சொன்னதில்லை. டீ சூடாக வருகிறதே!

"ஒவ்வொரு இணையதளத்துகிட்டயும் ஒரு அடையாளச் சீட்டு இருக்கு" என்று ஒருமுறை தங்கைக்கு விளக்கினார். "இந்தத் தேதியிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு அதுல போட்டிருக்கும். பிரவுசர் வாசல்ல நின்னு அதைப் பாக்குது. வீட்டுக் கடியாரம் தூங்கிட்டா, வர்றவன் எல்லாம் திருடனாத்தான் தெரிவான்."

"கடியாரம் சரியா இருந்தும் செவப்பு வந்தா?"

"அப்ப நம்பணும். தாண்டிப் போற பட்டனை மட்டும் அமுக்கக் கூடாது. உன்னை மாதிரி 'பிறகு'ன்னும் அமுக்கக் கூடாது."

அது அவளுக்கு வைத்த குத்து. புதுப்பிக்கச் சொல்லி எந்தப் பெட்டி வந்தாலும் 'பிறகு நினைவூட்டு' என்பதை அமுக்குவது அவள் வழக்கம். "கல்யாணத்தப்பவும் நீ 'பிறகு'ன்னு அமுக்கியிருந்தா மாப்பிள்ளை தப்பிச்சிருப்பாரு" என்பார் அண்ணன். அன்றிலிருந்து அண்ணன் மகளுக்கு அவள் 'பிறகு' அத்தை.

எதிர்வீட்டு டெய்லர்தான் அண்ணனின் நிரந்தர நோயாளி. 'உங்கள் கணினிக்கு ஆபத்து' என்று எந்த மூலையில் எது மின்னினாலும் பதறிப்போய் அது தருகிற காவல் நிரலை இறக்கிவிடுவார். அதை இறக்கியதும் பிரவுசர் தடுமாறும். உடனே அதற்கும் ஒரு காவல் இறக்குவார். கடைசியில் பிரவுசர் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக இழுத்துக்கொண்டு கிடந்தது.

"ஏம்ப்பா, ஒரு வாசலுக்கு இத்தனை வாட்ச்மேனா? அவனுங்க ஒருத்தனை ஒருத்தன் பிடிச்சு உருண்டா கதவு எப்படித் திறக்கும்?" என்று அண்ணன் ஒவ்வொருவராக வேலையை விட்டு நிறுத்தினார். ஒருவரை நிறுத்துவார், பிரவுசரைத் திறந்து பார்ப்பார், அடுத்தவரை நிறுத்துவார். எல்லாரையும் ஒரே அடியாகத் துரத்தினால் குற்றவாளி யார் என்று தெரியாமலே போய்விடும் என்பார். டெய்லர் அன்று முழுக்கத் தன் சொந்தக்காரர்களை ஊருக்கு அனுப்பி வைப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் தூங்குகிற மாதிரியே கூடத்தில் படுத்திருந்தார். தங்கை போய்ச் சேர்ந்தபோது அண்ணி அழுது ஓய்ந்து, வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நம்ம பொண்ணால வர முடியாதும்மா" என்றாள் அண்ணி. "நடுக்கடல்ல இருக்கா. பதினொரு மணிக்கு அரை மணி நேரம் லைன் குடுக்கறாங்களாம். அப்பா முகத்தைக் காட்டுங்கன்னா."

மகள் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அந்தக் கப்பலிலிருந்து கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் மட்டும்தான் முகம் பார்த்துப் பேச முடியும். அதுவும் கம்ப்யூட்டரில்தான் திறக்கும்; போனைக் கிட்டவே சேர்க்காது. பன்னிரண்டு மணிக்கு அண்ணனை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்த அரை மணியை விட்டால் அவளுக்கு அப்பா முகம் இல்லை.

அண்ணனின் கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து அவர் தலைமாட்டிலேயே வைத்தார்கள். டெய்லர் பிரவுசரைத் திறந்தார். கம்பெனிப் பக்கத்துக்குப் போனதும் திரை முழுக்கச் சிவப்பு: இணைப்பு பாதுகாப்பானது அல்ல.

"வைத்தியர் வீட்டுலயே காய்ச்சலா!" என்றார் டெய்லர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மணியப் பாத்தீங்களா?" என்றாள் தங்கை.

"முதல் வேலையா பாத்தேன்க்கா. செவுத்துக் கடியாரத்தோட அச்சா ஒத்துப்போகுது. கீழ தாண்டிப் போற பட்டன் இருக்கு. அமுக்கிடட்டா?"

"அவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டா?"

டெய்லர் படுத்திருந்தவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். "அவசரத்துக்குன்னு ஒரு நல்ல வாட்ச்மேனை எப்பவும் கையில வச்சிருப்பேன்" என்றபடி, யாரும் தடுக்குமுன் அதை உள்ளே இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு சிவப்புத் திரைகூட வரவில்லை. பிரவுசர் திறந்த கையோடு மூடிக்கொண்டது.

மணி பதினொன்று அடித்தது.

"அந்த ஆளை முதல்ல வெளிய அனுப்புங்க" என்றாள் தங்கை. டெய்லர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தான் கூட்டிவந்தவரைத் தானே நீக்கினார். பிரவுசர் மூடாமல் நின்றது, சிவப்பும் திரும்பி வந்தது. அண்ணி போனில், "இரும்மா, பாத்துட்டிருக்கோம், இரும்மா" என்று கப்பல் அலுவலகத்தாரிடம் மகளிடம் சொல்வதுபோலக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் இருந்தால் என்ன செய்வார்? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையின் மூலைக்கு மூக்கைக் கொண்டுபோவார். தங்கையும் மூக்கைக் கொண்டுபோனாள். மணி சரிதான். மணிக்குக் கீழே பொடி எழுத்தில் தேதி இருந்தது. அது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மே மாதம்.

தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் மணியைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். தேதி அதற்குள்ளே அடக்கம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அண்ணி, இந்தத் தேதிய யார் மாத்துனது?"

அண்ணி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். அத்தனை துக்கத்திலும் அவள் முகத்தில் திருட்டு முழி வந்தது.

"அவருதாம்மா. கம்ப்யூட்டர்ல கலர் கட்டை சேர்க்கற ஆட்டம் ஒண்ணு ஆடுவேன்ல, அது ஒரு மாசந்தான் காசில்லாம ஆட விடும். அதைச் செஞ்சவங்க கடையை மூடிட்டுப் போயிட்டாங்க, வாங்கவும் வழியில்ல. அதான் சாயங்காலம் தேதியப் பின்னாடி வச்சுக் குடுப்பாரு. நான் ஆடி முடிச்சதும் படுக்கப் போறப்ப சரி பண்ணிடுவாரு. நேத்து, 'நீ ஆடு, நான் சித்த படுக்கறேன்'னு போனவரு..."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. ஊரார் கடிகாரத்தையெல்லாம் நேராக்கிய மனிதர், தன் வீட்டில் மூன்று வருடமாகத் தினமும் கோணலாக்கியிருக்கிறார். அண்ணியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். வாசலில் இருந்தவர்கள் அழுகை மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

நேரத்தைத் தானாக அமைத்துக்கொள்ளும் பொத்தானைத் தங்கை தேடிப் பிடித்து நகர்த்தினாள். மே மாதம் போய் இன்றைய தேதி வந்தது. பிரவுசரை மூடித் திறந்தாள். சிவப்பு இல்லை. கம்பெனியின் நீலப் பக்கம் வந்தது. பக்கத்துக்கு நடுவில் ஒரு சுழல் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு எண்ணெய்க் கறை படிந்த வேலையுடையில் மகள் தெரிந்தாள்.

தங்கை திரையை அண்ணன் பக்கம் திருப்பினாள். கப்பல் இன்ஜினின் உறுமல் மட்டும் கூடத்தில் கேட்டது.

"அம்மா, அப்பா கண்ணாடி எங்க?" என்றாள் மகள். "போட்டு விடுங்க. அது இல்லாம வேற யாரோ மாதிரி இருக்காரு."

அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டாள்.

"நெத்தில ஏத்தி விடும்மா. வேலை செய்யறப்ப அப்படித்தானே."

ஏற்றிவிட்டாள். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். "லேட்டாயிடுச்சே, லைன் கிடைக்காதுன்னு நெனச்சேன். யார் சரி பண்ணது? டெய்லர் அங்கிளா?"

"நான் கெடுத்தேன்ம்மா. உன் அத்தைதான் சரி பண்ணாங்க" என்றார் டெய்லர்.

"யாரு, 'பிறகு' அத்தையா?"

"ஆமாடி, நான்தான்" என்றாள் தங்கை. "உங்கப்பா பண்ணி வச்ச வேலையை நான் சரி பண்ணேன். இதை நீ வந்ததும் ஊரெல்லாம் சொல்லணும்."

லைன் அறுகிற வரை மகள் அப்பாவோடு பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்காமல் மற்றவர்கள் வாசலுக்குப் போனார்கள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, நாற்காலிகள் திரும்பிப் போன பின் கம்ப்யூட்டர் பழைய மேஜைக்கே போயிற்று. சில நாள் கழித்து அண்ணி அதன் முன்னால் உட்கார்ந்து ஆட்டத்தைத் திறந்தாள். காலம் முடிந்துவிட்டது என்றது அது.

"ஒரு ஆட்டம் பாதியில நிக்குதும்மா" என்றாள். "அந்தத் தேதியக் கொஞ்சம் பின்னாடி வச்சுக் குடேன்."

"பிறகு வைக்கிறேன் அண்ணி" என்றாள் தங்கை.

இன்னும் வைக்கவில்லை.