திங்கட்கிழமை செத்த மீன்கள்

எங்கள் எஸ்டேட் லயத்தில் புனிதன் அண்ணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்க்க முடியாது. இருபத்தெட்டு வருடமாகத் தேயிலை ஆலையில் இலை வாட்டுகிற இடத்தில் வேலை. இன்றைக்கும் ஆலைச் சங்கு ஊதினால் திடுக்கிடுவார். இடி இடித்தால் செபமாலையை எடுத்துக்கொள்வார். "இவருக்குக் கல்யாணத்தன்னிக்கே காய்ச்சல் வந்துருச்சு" என்று அவர் மனைவி அன்பரசி அண்ணி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். நான் ரஞ்சிதம், அடுத்த வீடு. வாரநாளில் தேயிலைக் காடு, ஞாயிற்றுக்கிழமை மேலே ஒரு காய்கறித் தோட்டத்தில் கோசுக்கு மருந்து அடிக்கிற வேலை. கேலி செய்வதில் நானும் குறைந்தவளில்லை.

அவருடைய மகள் சோஃபியா மூன்று மாத வயிற்றோடு ஈப்போவிலிருந்து தாய்வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை ராய்ஸ்டனுக்குச் சிங்கப்பூரில் வேலை. முதல் பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை அலையாமல் இருக்கச் சொல்லிவிட்டார்கள். வரும்போது ராய்ஸ்டன் வாங்கிக் கொடுத்த கண்ணாடித் தொட்டியையும் எட்டு கப்பி மீனையும் கூடவே கொண்டு வந்தாள்.

நாலாம் நாள் மீன்களின் மேல் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். இரண்டு மீன் செத்து மிதந்தன. சோஃபியா எழுவதற்குள் புனிதன் அண்ணன் அவற்றை மைலோ டின்னில் போட்டுக்கொண்டு என் பின்கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, புள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல உயிரு போவுது. எனக்கு என்னமோ பண்ணுது."

"கோயிலுக்குப் போற மனுசன் பேசுற பேச்சா அண்ணே இது?" என்று கேட்டுவிட்டு, மீன்களை என் மிளகாய்த் தொட்டியில் புதைத்தேன். மிளகாய்க்கு நல்லது.

அன்றைக்கே ரிங்லெட் டவுனுக்குப் போனார். அங்கே மீன் கடை வைத்திருக்கிற வீரப்பன், கேட்டால் போதும், பாடமே நடத்துவார். "இந்தக் குளுருக்கு கப்பி தாங்காது லா. ஹீட்டர் போடுங்க. தண்ணிய முழுசா மாத்திராதீங்க, வாரத்துக்குக் கால்வாசி போதும். தீனி ரெண்டு நிமிசத்துல தின்னு முடிக்கிற அளவு மட்டும். பில்டர் பஞ்ச கொழா தண்ணியில கழுவாதீங்க. தொட்டித் தண்ணிய வாளியில மொண்டு அதுல அலசுங்க. பஞ்சுல இருக்கிற நல்ல கிருமிதான் மீனோட அழுக்கத் திங்குது."

பயந்த மனிதருக்குப் பாடம் நன்றாக ஏறும். காலையும் மாலையும் தொட்டியின் சூட்டைப் பார்த்தார். மிஞ்சிய தீனியைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார். எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினார். இரண்டு மாதம் ஒரு மீன்கூடச் சாகவில்லை. குட்டிகூடப் போட்டன. அந்த நாட்களில் அவர் நடையே மாறிவிட்டது. என்னிடம் எதிர்த்துப் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டார்.

பிறகு பெருமழையில் மண் சரிந்து லயத்துக்குத் தண்ணீர் வருகிற பழைய குழாய் உடைந்தது. எஸ்டேட்டில் வேறொரு ஓடையிலிருந்து புதுக் குழாய் போட்டார்கள். எந்த ஓடை என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வந்தது, பிடித்தோம், குடித்தோம்.

அடுத்த திங்கட்கிழமை காலை மூன்று மீன்கள் செத்துக் கிடந்தன. மீதி மீன்கள் கிறுக்குப் பிடித்தது போலச் சுற்றின, கண்ணாடியில் முட்டின, வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டித் தவித்தன. புனிதன் அண்ணன் ரிங்லெட்டுக்கு ஓடி சோஃபியாவுக்குத் தெரியாமல் அதே நிறத்தில் மூன்று வாங்கிவந்து தொட்டியில் விட்டார். அதற்கடுத்த திங்கட்கிழமையும் அதே கதை. மைலோ டின் என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்குமாக அலைந்தது.

"அப்பா, இந்த மீனு வாலு நேத்து செவப்பாதானே இருந்துச்சு?" என்று சோஃபியா ஒருநாள் கேட்டாள். வெளிச்சம்தான் அப்படிக் காட்டுகிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர், என் வாசற்படியில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தார். அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

ஐந்து வாரம் ஆனது. ஒரு சனிக்கிழமை நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீயே பாரு தங்கச்சி. எங்க தப்பு பண்றேன்னு தெரியல. நடுவுல ஒரு வாரம் மட்டும் எதுவும் சாவல. அப்ப என்ன சரியா செஞ்சேன்னும் தெரியல."

படித்தேன். ஞாயிறு மாலை கால்வாசித் தண்ணீர் மாற்றினேன், திங்கள் மூன்று சாவு. ஞாயிறு மாலை மாற்றினேன், திங்கள் இரண்டு. மூன்றாவது வாரம் மட்டும் சாவு இல்லை. தேதியைப் பார்த்தேன். அந்த ஞாயிறு நான் மருந்து அடிக்கப் போகவில்லை. திரிங்காப்பில் என் அண்ணன் மகள் கல்யாணம்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று நோட்டை அவர் கையில் கொடுத்தேன்.

மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். முதுகில் மாட்டுகிற மருந்துப் பம்பைத் தொடவில்லை. மருந்து அடித்து முடித்ததும் பம்பைக் கழுவ மேலே கொட்டகையில் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். நான் அங்கே ஏறியதில்லை. பக்கத்திலேயே ஓடை, அதிலேயே கழுவிவிடுவேன். ஓடுகிற தண்ணீருக்குத் தீட்டில்லை என்றுதானே கேட்டு வளர்ந்தோம். நான் கழுவுகிற கல்லிலிருந்து ஓடையோடு கீழே இறங்கினேன். இருபது அடி போயிருப்பேன். தண்ணீருக்குள் கறுப்புக் குழாயின் வாய், அதில் வெங்காய வலைப்பையைக் கட்டியிருந்தார்கள். குழாய் எங்கள் லயத்துப் பக்கமாகப் போனது.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், நினைத்தேன். இனிமேல் அங்கே கழுவாமல் இருந்தால் மீன் சாகாது, யாருக்கும் தெரியாது. ஆனால் ஐந்து வாரமாகச் சோஃபியா குடித்தது என்ன ஆகும்? அன்பரசி அண்ணி அவளுக்காகத் தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைப்பார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். இது கிருமியா?

அவர்கள் வீட்டுக்கு நான் போனபோது புனிதன் அண்ணன் வாளியில் தண்ணீர் பிடித்துத் தொட்டியருகே வைத்திருந்தார். சோஃபியா கையில் குவளையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, அதை ஊத்தாதீங்க. சோஃபியா, நீயும் குடிக்காத."

எல்லாவற்றையும் சொன்னேன். சோஃபியா குவளையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அன்பரசி அண்ணி என்னை ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன், எனக்கு வேண்டியதுதான். புனிதன் அண்ணன் கத்தவில்லை.

"அது என்ன மருந்து தங்கச்சி? பேரு சொல்லு. ஆஸ்பத்திரியில கேப்பாங்க."

எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் முதுகில் சுமந்து அடித்திருக்கிறேன். எங்களுக்கு அது வெள்ளை டப்பா மருந்து, மஞ்சள் டப்பா மருந்து. அவ்வளவுதான்.

அவரே மோட்டார் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். கொட்டகையிலிருந்து இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்து, சோஃபியாவை ஒரு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் டப்பாக்களில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். அவர் மலாய் மொழியில் சொன்னதை நர்ஸ் சசிரேகா எங்களுக்குத் தமிழில் சொன்னாள். குழந்தையின் இதயம் நன்றாகத் துடிக்கிறது. மீனைக் கொல்ல இந்த மருந்து துளி போதும், மனிதருக்கு அப்படியில்லை. இருந்தாலும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், வியாழக்கிழமைதான் தெரியும். அதுவரை அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது. வியாழக்கிழமை என்று கேட்டதும் அன்பரசி அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டார்.

சோஃபியாவிடம் ரத்தம் எடுத்து முடித்த சசிரேகா, "இந்த மருந்த அடிக்கிறது யாரு?" என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

"கையொற போடுவீங்களா?"

"இல்ல."

"முகத்துக்கு?"

"துண்டு கட்டுவேன்."

"எத்தன வருசமா?"

"ஆறு."

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையசைத்தார். சசிரேகா இன்னொரு ஊசியைப் பிரித்தாள்.

"நீங்களும் ஒக்காருங்க அக்கா. கைய நீட்டுங்க."

புனிதன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். மகளைப் பார்த்தபோது இருந்த அதே பயம் அவர் முகத்தில் இருந்தது. எனக்காக ஒருவர் பயந்து நான் பார்த்ததில்லை. சட்டைக் கையை மேலே ஏற்றினேன். கையை நீட்டினேன்.