மீனாட்சிபுரத்திலிருந்து சக்குபள்ளம்: ஏலத்தோட்டத்தில் விழுந்த சிவப்பு

போன ஐப்பசியில், குமுளிக்கு அப்பால் கேரள மலையிலிருக்கும் சக்குபள்ளம் போய்வந்தேன். அங்கே என் மகள் சரஸ்வதி, கணவர் கதிரேசன் இறந்தபின் ஏலத்தோட்டத்தைத் தனியாகப் பார்க்கிறாள். வெளிநாட்டுக்கு ஏலக்காய் அனுப்பும் கம்பெனி, மரம் வெட்டிய நிலத்துக் காயை வாங்காது. அதற்காக ஒவ்வொரு தோட்டத்தையும் போனில் வரைபடமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதில் அவள் தோட்டம் சிவப்பாகிவிட்டது. பச்சையாகாவிட்டால் இந்தப் பறிப்புக் காய் வீட்டிலேயே கிடக்கும். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது.

எங்கள் மீனாட்சிபுரத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாலை நான்கு மணிக்குக் குமுளி சேரலாம். அங்கிருந்து சக்குபள்ளத்துக்குப் பங்கு ஜீப், ஆளுக்கு ஐம்பது ரூபாய். ஜீப்காரரிடம் வந்த காரணத்தைச் சொன்னேன்.

"என்ன பெரியவரே, நமக்கே ஆதார் வாங்க நாய் படாத பாடு. இப்ப ஏலக்காய்க்குமா?"

"காய்க்கு மட்டுமில்லீங்க, மரத்துக்கும்."

ஜீப்பே சிரித்தது. என்னால் முடியவில்லை.

மறுநாள் கம்பெனிப் பெண் வந்தாள். மழைக்கு முன் நிழல்மரங்களின் கிளைகளைக் கழித்துவிடுவது அங்கே வழக்கம். கொஞ்சம் வெளிச்சம் இறங்கினால்தான் ஏலம் நன்றாகக் காய்க்கும். வானத்திலிருந்து எடுத்த படத்தில் அது மரமே போனதுபோல் தெரிந்திருக்கிறது. தளிர்த்து நின்ற மரங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தாள். வாசலோரம் மட்டும் வெறும் அடிக்கட்டை. மகளுக்குக் கல்யாணமான வருஷம் எங்கள் ஊர்ப்பக்கத்து முதலமடையிலிருந்து மடியில் வைத்து நான் கொண்டுவந்த ஒட்டுமாங்கன்று வளர்ந்த மரம் அது.

"இதை எதுக்கு அக்கா வெட்டினீங்க?"

மகள் கட்டைமேல் கிடந்த சருகைத் தள்ளினாள். "மாப்பிள்ளையை எரிக்கறதுக்குங்க அம்மிணி" என்றேன். வீட்டு மாமரத்தை வெட்டிச் சிதை அடுக்குவது அந்தப் பக்கத்து முறை.

கம்பெனிப் பெண் போனைத் தேய்த்துப் பார்த்தாள். "அந்தக் காரணம் இதுல இல்லியே ஐயா. விற்பனை, நோய், காத்துன்னுதான் இருக்கு. காத்துல விழுந்துச்சுன்னு போட்டுடவா அக்கா? இப்பவே பச்சையாயிரும்."

"வேண்டாங்க" என்றாள் மகள். "அது காத்துல உழுகலீங்க. அவரோட போச்சு. நடந்ததை எழுதுங்க. காய் போனாப் போகுது."

'மற்றவை' என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதில் நடந்ததை எழுதிவிட்டு அந்தப் பெண் போனாள். இன்னும் முடிவாகவில்லை என்று நான்கு நாள் தோட்டம் மஞ்சளாகவே கிடந்தது. ஐந்தாம் நாள் பச்சை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள், கிளை கழித்த அன்றே அடிமரம் தெரியப் படமெடுத்து ஏற்றிவிடுங்கள்.

கிளம்பும் முன் மகள் வரைபடத்தைக் காட்டினாள். பச்சைக்குள் சின்னதாக ஒரு புள்ளி. தொட்டால் எழுத்து வந்தது.

"வாசிச்சுக் காட்டு, கண்ணு."

"மாமரம் ஒன்று. வீட்டுக்காரர் கதிரேசன் தகனத்துக்கு வெட்டியது."

அவர் போன பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.